பதினொண்ணாம் நம்பர் பாத்தி

பெட்டி காலியாவே போகுது போலிருக்கே தம்பி?

இல்ல, காலையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அந்தத் தெர்மாகோல் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு வரப்புல மேலயும் கீழயும் நடக்குறீங்க. குனியிறீங்க, இலையைத் திருப்பிப் பாக்குறீங்க, நிமிர்றீங்க. ஒண்ணும் பறிச்சு உள்ள வச்ச மாதிரி தெரியலை. முகம் வாடிக் கெடக்கு. இப்படி வந்து உக்காருங்க. அங்க வெயில் வந்துடும், இந்தப் பக்கமா தள்ளிக்குங்க. மன்னார்குடி வண்டிதானே? அது வரும்போது வரும். டிரைவரு டீ குடிக்கணும், கண்டக்டரு டீ குடிக்கணும், ரெண்டு பேரும் ஒரு சண்டை போட்டு சமாதானம் ஆகணும். அப்புறம்தான் வண்டி அங்கேருந்து நகரும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. வினோதினி மேடம் சொல்லியிருக்க மாட்டா. என்னைப் பத்திப் பேச அவளுக்கு வாய் ஏது? மேடம்னு சொல்லிட்டு 'அவ'ங்குறேன்னு பாக்காதீங்க. வயித்தெரிச்சல். ஒரு காலத்துல தாயி தாயின்னு கூப்புட்ட வாயிதான் இது.

என் பேரு காசாம்பு. உங்களுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு இதே ரோட்டோர வயல்ல உளுந்து போட்டு நோயி ஆராய்ச்சி பண்ணாளே, அப்ப தண்ணி பாய்ச்சுனது, களையெடுத்தது, ஆடு மாடு ஓட்டுனது, காவல் இருந்தது எல்லாம் நான்தான். என்ன நடந்துச்சுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு கதை சொல்லியிருப்பாங்க. நடந்ததை என்கிட்ட கேளுங்க. வண்டி வர்ற வரைக்கும் நீங்களும் சும்மாத்தான உக்காந்திருக்கப் போறீங்க.

முதல்ல என் கையைப் பத்திச் சொல்லணும். அதைச் சொல்லலைன்னா மத்தது புரியாது.

கல்யாணமான மறு வருஷமே அறுத்தவ நான். எங்க வூட்டுக்காரரு மோட்டார் கொட்டகையில ஷாக் அடிச்சுப் போயிட்டாரு. பொண்டாட்டி செத்தா புருஷன் புது மாப்பிள்ளைங்குறாங்க. புருஷன் செத்தா பொண்டாட்டி என்னன்னு எவனும் பழமொழி சொல்லலை பாருங்க. நான் சொல்றேன். பொண்டாட்டி கைராசி இல்லாதவ. எங்க ஊர்ல வெதை தெளிக்கிறப்ப மொதப் பிடியை ராசியுள்ள கைதான் போடணும். அறுத்தவ வெதைக் கூடையைத் தொடவே கூடாது. நாத்துப் பறிக்கலாம். நடலாம். களையெடுக்கலாம். அறுக்கலாம். மூட்டையைத் தூக்கி அடுக்கலாம். வெதையை மட்டும் தொடக் கூடாது. இடுப்பு ஒடியிற வேலைக்கு எவனும் ராசி பாக்க மாட்டான்.

இதுல தப்பு சொல்ல என்ன இருக்கு, ஊரு வழக்கம்னு நானும் இருந்துட்டேன். என் கூடப் பொறந்தவன் கலியபெருமாளு, எனக்குக் கலியன், அவன் வயல்லயே நான் வெதைக் கூடைகிட்டப் போனதில்லை. அவன் போகாதேன்னு சொன்னதில்லை. வான்னும் சொன்னதில்லை. அவன் நல்லவன் தம்பி. பொண்டாட்டிக்கு பயந்தவன், அவ்வளவுதான். செங்கமலம்னு பேரு அவளுக்கு. பேருல இருக்குற குளுமை நாக்குல கெடையாது.

அப்படி இருக்குறப்பதான் அந்தப் பொண்ணு வந்தா. கோடைப் பட்டம். ரோட்டோரமா வயலைப் புடிச்சு, சின்னச் சின்னப் பாத்தியா பிரிச்சு, பாத்திக்கு ஒரு குச்சி நட்டு நம்பர் எழுதி, நம்பருக்கு ஒரு பொட்டலம் வெதை. எல்லாம் உளுந்துதான். ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வம்சம்னா. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவுல பழைய ரகம் ஒரு வரிசை. அது என்னத்துக்குன்னு கேட்டேன். அதுக்கு சீக்கிரமா நோயி புடிக்கும், அங்கேருந்து எல்லாத்துக்கும் பரவட்டும்னுதான் போடுறேன்னா. எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஊரெல்லாம் நோயை வெரட்டுது, நீ வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறியான்னேன்.

வெதைக்கிற அன்னைக்கு ஆள் பத்தலை. ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு, "அக்கா, இந்தப் பாத்தியை நீங்க போடுங்க"ன்னு நீட்டுனா. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். மேடம், நான் அறுத்தவ, வெதையைத் தொடக் கூடாதுன்னேன். அவ என் கையைப் புடிச்சு முன்னால இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பாத்தா. "கை நல்லாத்தானே இருக்கு?"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. வெதையைக் கொட்டிட்டா.

பதினொண்ணாம் நம்பரு. அந்தப் பாத்தி முழுக்க என் கையாலதான் போட்டேன். என் கையில வெதை விழுந்தப்ப இருந்த உளுந்தோட வழவழப்பு இன்னைக்கும் இருக்கு தம்பி. மண்ணை மூடிட்டு நிமிர்ந்தா கண்ணுல தண்ணி. வேர்வைன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன்.

அந்த மஞ்சத்தேமல் நோயைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். அவதான் சொல்லிக் குடுத்தா. வெள்ளை ஈ இருக்கே, தட்டினா மாவு மாதிரி பறக்குமே, அது ஒரு செடியில உறிஞ்சி இன்னொரு செடியில கொண்டாந்து வுடுது. அந்த நோயிக் கிருமி உசுரா உசுரில்லையான்னு படிச்சவங்களே அடிச்சுக்கிறாங்களாம். அதுலயும் ரெண்டு மூணு வம்சம் இருக்காம். ரெண்டு வம்சம் ஒரே செடிக்குள்ள சேந்துடுச்சுன்னு வைங்க, இதோட பாதியும் அதோட பாதியுமா ஒட்டி புதுசா ஒண்ணு பொறந்துடுமாம். பழசுக்கு அசையாத செடி புதுசுக்குப் படுத்துடுமாம். எங்க ஊர்ல எலெக்ஷனுக்கு எலெக்ஷன் கூட்டணி மாறுற மாதிரியான்னு கேட்டேன். வரப்புல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சா. ஆமாக்கா, அதே கதைதான், வெதை மாறலை, நோயி மாறிடுதுன்னா. நம்ம பக்கம் வருஷம் பூரா எங்கயாவது ஒரு மூலையில உளுந்தோ பயறோ பச்சையா நிக்குது பாருங்க, அதனால நோயிக்கு ஓய்வே இல்லையாம், மாறிக்கிட்டே இருக்குதாம். அதனாலதான் இந்த ஊரைத் தேடி வந்தேன்னா. இங்க தாக்குப் புடிக்கிறது எங்கயும் தாக்குப் புடிக்கும்னா.

ஒரே ஒரு கட்டளைதான் போட்டா. "களையை மட்டும் எடுங்கக்கா. உளுந்துச் செடியில கை வைக்காதீங்க. விழுறது விழட்டும். எது நிக்குதுன்னு பாக்கத்தான் இத்தனையும்." சரின்னு தலையாட்டுனேன். படிச்ச புள்ள சொல்லுது.

அவ வாரத்துக்கு ஒரு தரம் வருவா. இதே மாதிரி நாலு ஊர்ல போட்டிருந்தா. பாவம், பஸ் மாறி பஸ் மாறி வருவா, வந்து பாத்தியெல்லாம் எண்ணி எழுதிக்கிட்டுப் போவா. மத்த நாளெல்லாம் நான்தான்.

மொதல்ல அந்தப் பழைய ரகத்து வரிசைதான் மஞ்சளாச்சு. இலையில பொட்டுப் பொட்டா ஆரம்பிச்சு, அப்புறம் இலை பூராவும் மஞ்சள் பூசுன மாதிரி. அது அப்படித்தான் ஆகும்னு அவ சொல்லியிருந்தா. அப்புறம் ஏழாம் நம்பரு. அப்புறம் மூணு. ரோட்டுல போறவனெல்லாம் நின்னு பாப்பான். "யாரு வெதைச்சது இதெல்லாம்?"னு கேப்பான். அவங்க ஆளுங்க வெதைச்சதுன்னு சொல்லுவேன். "உன்னையும் வெதைக்க வுட்டாங்களாமே"ன்னு ஒருத்தி கேட்டா. ஆமாடி, அந்தப் பாத்திதான், போயிப் பாருன்னேன். பச்சைப்பசேல்னு நின்னுச்சு. வாயை மூடிக்கிட்டுப் போனா.

அதுக்கு மறுநாள் விடியக்காலம் போறேன், பதினொண்ணுல ஒரு செடி. கொழுந்துல ரெண்டே ரெண்டு மஞ்சப் பொட்டு.

சுத்திப் பாத்தேன், யாரும் வரலை. புடுங்கிட்டேன். புடுங்கிக் கொண்டுபோயி வடிகால்ல போட்டுட்டேன்.

நீங்க என்ன அப்படிப் பாக்குறீங்க? தப்பு என்ன இதுல? வேளாண்மை ஆபீஸ்ல கூட்டம் போட்டு மைக்குல சொன்னதுதான் அது. மஞ்சளா ஒரு செடி தெரிஞ்சா உடனே புடுங்கி அழிச்சுடுங்க, இல்லைன்னா வயல் பூரா போயிடும்னு. வெள்ளாமை பண்றவ எவளா இருந்தாலும் அதைத்தான் செய்வா. முளையிலயே கிள்ளணும். கெட்டுப்போன செடியும் களைதான். களையை எடுன்னுதானே அவளும் சொன்னா?

மத்த பாத்தியில நான் கையே வைக்கலை. அதை எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன். ஏழு விழுந்துச்சா, விழட்டும். மூணு விழுந்துச்சா, விழட்டும். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவ நான். பதினொண்ணு மட்டும் என் கை போட்டது. அதுக்கு நான்தானே பொறுப்பு?

அப்புறம் தினம் விடியக்காலம் போயிடுவேன். ஒரு நாளைக்கு ஒண்ணு இருக்கும். ஒரு நாளைக்குக் கையால அள்ளுற மாதிரி இருக்கும். புடுங்குன எடம் சொட்டையாத் தெரிஞ்சா அசிங்கமா இருக்குமேன்னு, பொட்டலத்துல மிஞ்சுன அதே வெதையை வேலியோரமா ஊனி வச்சிருந்தேன், அதை வேர் மண்ணு உதிராம அலுங்காம எடுத்தாந்து அந்த எடத்துல நட்டுடுவேன். வேப்பெண்ணெயில சோப்புத் தண்ணி கலந்து அந்தப் பாத்திக்கு மட்டும் தெளிச்சேன். என் வூட்டு எண்ணெய். பெத்த புள்ளைக்குக் கூட இப்படிப் பாப்பாங்களான்னு தெரியாது, நான் பெக்கலை.

கடைசியில பெரிய ஆபீஸருங்களைக் கூட்டிக்கிட்டு வந்தா. வயல் பூராவும் மஞ்சக் கடல். நடுவுல பதினொண்ணாம் நம்பரு மட்டும் கரும்பச்சையா, காயி சரஞ்சரமா. எல்லாரும் அந்தப் பாத்தியைச் சுத்தி நின்னு வாயைப் பொளந்தாங்க. சுத்திலும் இவ்வளவு நோயி இருந்தும் இது ஒண்ணு நிக்குதேன்னு இங்கிலீஷ்ல என்னென்னமோ பேசுனாங்க. அந்தப் பொண்ணு அழுதுட்டா. ஓடியாந்து என்னைக் கட்டிக்கிட்டா. "எத்தனை வருஷமா தேடுறேன் தெரியுமாக்கா, இந்தக் கைதான்"னு என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஊரே ரோட்டுல நின்னு பாத்துச்சு. செங்கமலம் பாத்தா. கலியன் பாத்தான்.

அன்னைக்கு வூட்டுக்குப் போயி நெலக்கண்ணாடியில என்னை நானே பாத்துக்கிட்டேன், சிரிக்காதீங்க.

அப்புறம் அந்த வெதையை மழைக்காலத்துல அவங்க பண்ணையில வச்சுப் பெருக்குனாங்க. அப்ப ஈயும் இல்லை, நோயும் இல்லை. நல்லா வந்துச்சாம். தை மாசம் ஊருக்குக் கொண்டாந்தா. விருப்பப்பட்ட நாலஞ்சு பேரு ஆளுக்குக் கொஞ்சமா போட்டுப் பாருங்க, இன்னும் இது பரிட்சை முடியலை, பழைய வெதையையும் கூடப் போட்டு வைங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னா. மத்தவனெல்லாம் தயங்குனான். நான்தான் கலியன்கிட்ட சொன்னேன். டேய், அவ படிச்சவ, பயந்து பயந்துதான் பேசுவா. சுத்தி அத்தனை பாத்தி செத்தப்ப இது நின்னதை நான் கண்ணால பாத்திருக்கேன். கொஞ்சமாப் போட்டா கொஞ்சமாத்தான்டா வெளையும்னேன். அவன் குத்தகைக்கு எடுத்த நெலம் பூராவுக்கும், மத்தவன் வாங்காம வுட்ட வெதையையும் சேத்து வாங்கிட்டான். அந்த உளுந்தை வச்சுத்தான் அவன் குத்தகையை அடைக்கணும். சம்பா அந்த வருஷம் மழையில சாஞ்சு பாதி முளைச்சுப் போச்சு.

எங்க பக்கம் நெல்லு அறுக்குறதுக்கு முன்னாடியே, நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்தைத் தெளிச்சுடுவோம். மண்ணு மெழுகு பதத்துல இருக்கணும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்குக் காலையில கலியன் என் வூட்டு வாசல்ல வந்து நின்னான். கையில வெதைக் கூடை. "அக்கா, மொதப் பிடியை நீதான் போடணும்"னான்.

எத்தனை வருஷம் தம்பி! எத்தனை வருஷம்! செங்கமலம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வரப்புல நிக்கிறா. நான் குளிச்சு, ஈரத்தலையை முடிஞ்சுக்கிட்டு, கெழக்கப் பாத்து நின்னு, கையை ஓங்கி வீசுனேன். நெல்லுக் கதிருல பட்டு சலசலன்னு உள்ள எறங்குச்சு. செத்தாலும் போதும்னு இருந்துச்சு.

மாசி பொறந்துச்சு. அதுக்கப்புறம் என்ன சொல்ல?

மூணாவது இலை வுடும்போதே தெரிஞ்சுபோச்சு. ஒரு செடி ரெண்டு செடி இல்லை. வெள்ளை ஈ அந்த வருஷம் புகை மாதிரி வந்துச்சு. நான் கலியன் வயல்ல எறங்கிப் புடுங்க ஆரம்பிச்சேன். அன்னைக்கு என் பாத்தியைக் காப்பாத்துன மாதிரி இதையும் காப்பாத்திடலாம்னு. புடுங்கறேன், புடுங்கறேன், நிமிர்ந்து பாக்குறேன், எனக்குப் பின்னால வெறும் தரை. முன்னால பூராவும் மஞ்சள். கலியன் வந்து என் தோளைத் தொட்டு, "வுடுக்கா. எதைன்னு புடுங்குவே"ன்னான். காயி பிஞ்சுலயே சுருண்டுச்சு. பக்கத்துல பழைய வெதை போட்டவனுக்குப் பாதியாவது தேறுச்சு. இவனுக்கு மாட்டுக்குப் போடக் கூட தேறலை.

தகவல் போயி அந்தப் பொண்ணு வந்தா. ஊரே கூடிடுச்சு. வயல்ல எறங்கி ஒவ்வொரு இலையாப் பாக்குறா. பறிச்சுப் பெட்டியில வைக்கிறா. முகத்துல ரத்தமே இல்லை. நோயி மறுபடியும் மாறியிருக்கலாம், புதுசா ஒண்ணு வந்திருக்கலாம், சோதிச்சாத்தான் தெரியும்னு தனக்குத்தானே பேசுறா. சனங்க கண்டபடி ஏசுது. நோயைக் கொண்டாந்து வுட்டவளே நீதான்னு ஒருத்தன் கத்துறான். அப்ப செங்கமலம் என் பக்கம் திரும்புனா. "மொதப் பிடி போட்டது யாரு?"ன்னா.

எனக்கு ஆங்காரம் வந்துடுச்சு தம்பி. பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? நான் கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டேன். என்னாத்த வெதைடி குடுத்தே எங்களுக்கு? என் கையில நின்ன வெதை எப்படிடி இங்க விழும்? நீ மாத்திட்டே, நல்ல வெதையை வித்துட்டு சொத்தையைக் கொண்டாந்து குடுத்துட்டேடின்னேன். ஊருலயே சத்தமா ஏசுனது நான்தான். மண்ணை அள்ளித் தூத்துனேன். அவ புடவையிலயும் தலையிலயும் விழுந்துச்சு. அவ அதைத் தட்டக் கூட இல்லை.

அப்புறம் மெதுவா ஒண்ணு கேட்டா. "காசாம்புக்கா, போன கோடையில பதினொண்ணாம் நம்பர்ல நீங்க ஏதாச்சும் செடியைப் புடுங்குனீங்களா?"

பாருங்க, அந்த நேரத்துல கேக்குற கேள்வியா இது? ஊரு பத்தி எரியுது, இவளுக்குப் போன வருஷத்துச் சங்கதி. எனக்கு மறைக்க என்ன இருக்கு? ஆமா, புடுங்குனேன், தினம் புடுங்குனேன், மஞ்சப் புடிச்சதைப் புடுங்காம மஞ்சள் குங்குமம் வச்சுக் கும்புடுவாங்களா, அந்த எடத்துல நல்ல நாத்து நட்டேன், என் கையால எண்ணெய் தெளிச்சேன், நீ ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தப்ப உன் பயிரைக் காப்பாத்துனவ நான்டின்னேன். சனங்க எல்லாம் ஆமா ஆமான்னுச்சு. அதானே, எவதான் புடுங்க மாட்டான்னுச்சு.

அவ அப்படியே வரப்புல உக்காந்துட்டா. தலையைக் கையில புடிச்சுக்கிட்டா. நான் நெனச்சேன், இப்ப வாயைத் தொறப்பா, வெதையை மாத்துனதைச் சொல்லுவான்னு. எழுந்திரிச்சு, சனங்களைப் பாத்து, "தப்பு என்னோடதுதான். நான்தான் சரியாப் பாக்கலை. இவங்க யாரு மேலயும் குத்தம் இல்லை"ன்னா.

ஒத்துக்கிட்டா! தன் வாயாலயே ஒத்துக்கிட்டா தம்பி! அந்தக் கூட்டத்துல நின்ன அத்தனை பேரும் சாட்சி. எங்கயோ வடக்க மாத்திட்டாங்களாம் அவளை. வேலையை வுட்டுட்டான்னும் சொல்றாங்க. எனக்கென்ன. போறப்ப என்னைத் திரும்பிப் பாத்தா. கோவமா பாத்திருந்தா பரவாயில்லை. பாவப்பட்டுப் பாத்தா. தப்பு பண்ணவளுக்கு என் மேல பரிதாபப்பட என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. சில நாளு சோத்துல கை வைக்கிறப்ப அந்தப் பார்வை வந்து நிக்கும். சோறு எறங்காது.

அவளுக்கு என்ன, வேற ஊரு, வேற வேலை. கலியனுக்கு? குத்தகை போச்சு. நெலத்துக்காரரு வேற ஆளைப் பாத்துக்கிட்டாரு. ஊருல எவன்கிட்ட போயி நிப்பான்? பொண்டாட்டி புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு செங்கல்பட்டுப் பக்கம் சூளைக்குப் போயிட்டான். போறப்ப என்கிட்ட சொல்லிக்கலை. பஸ் இதே எடத்துலதான் ஏறுனான். நான் அந்த மதகுக்குப் பின்னால நின்னு பாத்தேன். அவன் சின்னப் பொண்ணு மட்டும் என்னைப் பாத்துட்டுக் கையாட்டுச்சு. செங்கமலம் அது கையைப் புடிச்சு இறக்கிட்டா.

அந்த ஆடியிலயே திரும்பி வந்தான். ஆம்புலன்ஸ்ல. சூளை சரிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டான். வேட்டியை வெலக்கிப் பாக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. முகத்துக்கு ஒண்ணும் ஆகலை. தூங்குற மாதிரிதான் இருந்தான். சின்ன வயசுல களத்துல நெல்லு மூட்டை மேல படுத்துத் தூங்குவான், நான்தான் தூக்கிக்கிட்டு வருவேன், அதே முகம்.

எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. பங்காளி போட்டான், பகையாளி போட்டான். நான் அரிசியைக் கையில அள்ளிக்கிட்டுக் கிட்டப் போறேன். செங்கமலம் பாஞ்சு வந்து என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா.

"இந்தக் கை போட்டது போதும்"னா.

அத்தனை பேரு நின்னாங்க. எவனும் அவ கையை எடுத்துவுடலை தம்பி. கையில இருந்த அரிசியை என்ன பண்றதுன்னு தெரியலை. கீழயும் போட முடியாது. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன். வூட்டுல இருக்கு. ஆக்கித் திங்கவும் மனசு வரலை, கொட்டவும் மனசு வரலை.

அந்தா, தூசி தெரியுதே, உங்க வண்டிதான். இல்லை, லாரி. உக்காருங்க.

நான் எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, நீங்க நல்ல புள்ளையாத் தெரியிறீங்க. போன மாசம் உங்க ஆளுங்க வந்து அதே வயல்ல மறுபடியும் பாத்தி கட்டி வெதைச்சாங்கன்னதும் ஊருல எல்லாரும் காறித் துப்புனாங்க. நான் துப்பலை. இந்தத் தடவையாவது ஒரு நல்ல வெதை வரட்டும், இன்னொரு கலியன் இப்படிப் போகக் கூடாதுன்னு நெனச்சேன். காவலுக்கு வேற ஆளு போட்டிருக்கீங்க. அவன் எங்க பாக்குறான், மரத்தடியில படுத்து செல்போனை நோண்டிக்கிட்டுக் கெடக்குறான். செடி மஞ்சளாகுதா செவப்பாகுதான்னு அவனுக்கு என்ன தெரியும்?

நான்தான் தம்பி பாத்துக்கிறேன். தினம் விடியக்காலம் அவன் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி எறங்கிடுவேன். அன்னைக்கு ஒரே ஒரு பாத்தியை மட்டும் பாத்தேன், மத்தது எல்லாத்தையும் சாக வுட்டேன், அந்தப் பாவம்தான் கலியனைக் கொண்டுபோச்சோன்னு எனக்கு ஒரு எண்ணம். அதனால இப்ப பாகுபாடே வைக்கலை. எல்லா நம்பரையும் பாக்குறேன். நடுவுல போட்டிருக்கீங்களே பழைய ரகம், அதைக் கூட வுடலை. ஒரு மஞ்ச இலை தங்காது. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு நேத்தே கேள்விப்பட்டு, காலையில ரெண்டு தரம் சுத்தி வந்து எல்லாத்தையும் புடுங்கி வடிகால்ல வுட்டுட்டேன். பாத்தீங்கள்ல, வயலு எப்படி இருக்குன்னு? எனக்குக் கூலி வேணாம். யாருகிட்டயும் சொல்லவும் வேணாம்.

அடுத்த தடவை வெதைக்கிறப்ப மட்டும் ஒரே ஒரு பாத்தியை என் கையால போட வுடுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்.

ஏன் எழுந்துட்டீங்க? வண்டி இன்னும் வரலையே. வடிகாலுக்கா? அங்க என்ன இருக்கு, புடுங்கிப் போட்டதெல்லாம் தண்ணியோட போயிருக்கும். வயலுக்கா திரும்பப் போறீங்க? இருங்க, நானும் வர்றேன். வெயில்ல அதை வேற தூக்கிக்கிட்டு, பெட்டியை இப்படிக் குடுங்க, நான் கொண்டாறேன்.

குடுங்க தம்பி.

எதுக்குப் பெட்டியை அந்தப் பக்கத் தோளுக்கு மாத்துறீங்க? என் கை படக் கூடாதுன்னா? நீங்களுமா தம்பி?